பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஷூ சைஸ் மாறிவிட்டதா?

ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் வசிக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் உள்ள ஒரு கடையிலிருந்து அவர் பல ஆண்டுகளாக அடிடாஸ் ஷூ தருவித்து வந்திருக்கிறார். பெட்டியில் பிரிட்டிஷ் அளவு 8, ஐரோப்பிய அளவு 42 என்று இருக்கும். காலுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். அண்மையில் அதே கடையில் அதே 8 என்ற எண்ணில் நைக்கி ஷூ ஒன்றை வாங்கினார். பெட்டியில் 42.5 என்று அச்சிட்டிருந்தது, ஷூ காலில் தளர்ந்து கிடந்தது, போதாக்குறைக்குக் கூரியர்காரர் சுங்கக் கட்டணமும் கேட்டார். பிள்ளைக்கு வாங்கிய பள்ளிக்கூட ஷூவுக்கும் முன்பு இல்லாத வரி கட்ட வேண்டியிருந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது இரு தரப்பும் அளவு முறையையும் பிரித்துக்கொண்டுவிட்டனவா, இணையத்தில் கிடைக்கும் மாற்றுப் பட்டியல்களில் எதை நம்பலாம் என்பதே அவர் கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அளவு பற்றிய கேள்விக்கு உறுதியான பதில் உண்டு: பிரெக்ஸிட்டால் ஷூ அளவு எதுவும் மாறவில்லை, மாறவும் வழியில்லை, ஏனென்றால் அந்த எண்களை எந்த ஒப்பந்தமும் எந்தக் காலத்திலும் ஆண்டதில்லை. வரி பற்றிய கேள்விக்குப் பதில் நேர்மாறானது: அங்கே மாறியது மிக அதிகம். ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்து ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் லாஸ்ட் (ஷூவின் அச்சுக்கட்டை), பேட்டர்ன் (வெட்டு வடிவம்) பிரிவுகளில் என் வேலைநாட்கள் கழிந்தன. பிரிட்டிஷ் பையருக்கும் (மொத்தமாக வாங்கும் நிறுவனத்துக்கும்) ஜெர்மானியப் பையருக்கும் ஒரே கூரையின் கீழ் ஷூ செய்த இடங்கள் அவை என்பதால், அளவு பற்றிய பகுதியைத் தொழில் அறிந்தவனாகச் சொல்கிறேன். சுங்கம் பற்றிய பகுதியை, ஏற்றுமதிக் காகிதங்களோடு புழங்கியவன் என்ற அளவில் மட்டுமே சொல்ல முடியும். நான் வரி ஆலோசகன் இல்லை.

ஷூவில் இருக்கும் எண் உங்கள் காலின் நீளத்தைக் குறிப்பதாகவே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். பிரிட்டிஷ் முறையிலும் ஐரோப்பிய முறையிலும் அது உண்மையில் லாஸ்ட்டின் நீளத்தைக் குறிக்கிறது. லாஸ்ட் என்பது கால் வடிவில் செய்த கட்டை. முன்பு மரத்தில் செய்தார்கள், இப்போது கெட்டிப் பிளாஸ்டிக்கில் வருகிறது. தைத்த அப்பரை (ஷூவின் மேற்பகுதியை) அதன் மேல் இழுத்துப் பூட்டித்தான் ஷூவுக்கு உருவம் தருகிறோம். நடக்கும்போது விரல்கள் முன்னால் நகர இடம் வேண்டும் என்பதால் லாஸ்ட் எப்போதும் காலைவிட நீளமாக இருக்கும். சாதாரண ஷூவில் இந்த உபரி நீளம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை போகும். கூர்முனை ஷூவில் இன்னும் அதிகம். எவ்வளவு உபரி விடுவது என்பதை வடிவமைப்பவர்தான் தீர்மானிக்கிறார். ஒரே நீளமுள்ள இரண்டு லாஸ்ட்டில் ஒன்று உங்கள் காலுக்குப் பொருந்தி மற்றொன்று பொருந்தாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

பிரிட்டிஷ் அளவின் அலகு ஒரு பார்லி மணி, அதாவது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, 8.47 மில்லிமீட்டர். குழந்தைகள் அளவின் பூஜ்யம் 4 அங்குலத்தில், அதாவது 12 பார்லி மணி நீளத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து 13 வரை எண்ணிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து பெரியவர்கள் அளவு தொடங்கும். ஆகவே பெரியவர்களின் எந்த அளவோடும் 25-ஐக் கூட்டி 3-ஆல் வகுத்தால் லாஸ்ட்டின் நீளம் அங்குலத்தில் கிடைத்துவிடும். ஐரோப்பியக் கண்டத்தில் வழங்கும் அலகுக்குப் பாரிஸ் பாயிண்ட் என்று பெயர். அது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, 6.67 மில்லிமீட்டர், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்தே தொடங்கி இடையில் முறியாமல் போகிறது. லாஸ்ட்டின் நீளத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து ஒன்றரையால் பெருக்கினால் ஐரோப்பிய அளவு வந்துவிடும். ஒன்று அங்குலத்தில் நடக்கிறது, மற்றொன்று சென்டிமீட்டரில் நடக்கிறது. பிரிட்டிஷ் முறையின் ஒவ்வொரு படியும் மற்றதைவிட நீளம். ஆகையால் இரண்டும் சில இடங்களில் ஏறக்குறைய சந்திக்கும், மற்ற இடங்களில் சந்திக்கவே சந்திக்காது.

அன்பரின் எண்ணையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் 8 என்றால் 33-ஐ 3-ஆல் வகுக்க வேண்டும்; சரியாக 11 அங்குலம், 279.4 மில்லிமீட்டர். ஐரோப்பிய 42 என்றால் 280 மில்லிமீட்டர். வித்தியாசம் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது; லைனிங் தோலின் தடிமன்கூட அதைவிட அதிகமாக இருக்கும். ஆக 8-க்கு 42 என்பது நல்ல கணக்கு. பிரிட்டிஷ் 5-க்கு 38 என்பதும் அப்படியே (254 மில்லிமீட்டரும் 253.3 மில்லிமீட்டரும்). பிரிட்டிஷ் ஆறரை ஐரோப்பிய 40-ன் மேல் கிட்டத்தட்ட அப்படியே உட்காருகிறது. ஆனால் பிரிட்டிஷ் 10-க்கு வாருங்கள்: 296.3 மில்லிமீட்டர். ஐரோப்பிய 44 என்பது 293.3, 45 என்பது 300. நடுவில் நிற்கும் இந்த எண்ணை ஒரு நிறுவனம் 44 என்று எழுதும், இன்னொன்று 44.5 என்று எழுதும், மற்றொன்று 45 என்று எழுதும். மூவரும் பொய் சொல்லவில்லை. பிரிட்டிஷ் 7-ம் அப்படித்தான். கணக்குப்படி 40.64 வரும் அந்த எண்ணை 40.5 என்றும் 41 என்றும் பட்டியல்களில் காணலாம். எனவே எந்தப் பட்டியல் சரி என்ற கேள்விக்கு எல்லா அளவுகளுக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாது. 5, 8 போன்ற இடங்களில் பட்டியல்கள் ஒத்துப்போகும். 3, 6, 7, 10 போன்ற இடங்களில் அவை ஒன்றோடொன்று முரண்படுவதே இயல்பு.

அப்படியானால் நைக்கியின் 8 மட்டும் ஏன் 42.5? இது கணக்கிலிருந்து வருவதில்லை, நிறுவனத்தின் வழக்கத்திலிருந்து வருகிறது. இரண்டு பிராண்டு ஷூவின் நாக்கில் உள்ள லேபிளையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அடிடாஸில் பிரிட்டிஷ் 8 எழுதிய ஆண்கள் ஷூவில் அமெரிக்க எண் 8.5, ஐரோப்பிய எண் 42, ஜப்பான் எண் 265 (26.5 சென்டிமீட்டர்) என்று இருக்கும். நைக்கியில் அமெரிக்க 8.5, ஐரோப்பிய 42, 26.5 சென்டிமீட்டர் என்று எழுதிய ஆண்கள் ஷூவில் பிரிட்டிஷ் எண்ணாக 7.5 இருக்கும். அதாவது மூன்று எண்கள் இரண்டு பிராண்டிலும் ஒத்துப்போகின்றன. பிரிட்டிஷ் எண் மட்டும் அரை சைஸ் நழுவி நிற்கிறது. பிரிட்டிஷ் எண்ணுக்கும் அமெரிக்க எண்ணுக்கும் இடைவெளி அரையா ஒன்றா என்பதில் இந்த இரு நிறுவனங்களும் ஒருமித்ததில்லை என்பதுதான் விஷயம். ஆகவே நைக்கியில் 8 என்று கேட்ட அன்பருக்கு ஒரு படி பெரிய ஷூ வந்தது, 7.5 கேட்டிருந்தால் பழைய 42 வந்திருக்கும். இந்த வேறுபாடு பிரெக்ஸிட்டுக்கு முன்பும் இருந்தது. அவர் பிராண்ட் மாறியதும் நாடுகள் பிரிந்ததும் அவர் பார்வையில் ஒரே காலத்தில் நிகழ்ந்ததால் ஒன்றால் மற்றொன்று விளைந்ததாகத் தோன்றியிருக்கிறது.

நீளத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் தொழிற்சாலைக்குத் திரும்பி வரும் புகார்களில் பெரும்பங்கு அகலத்தைப் பற்றியது. பிரிட்டிஷ் கடைகளில் எண்ணோடு ஓர் எழுத்தும் வரும். கிளார்க்ஸ் போன்ற நிறுவனத்தில் ஆண்களுக்கு ஜி, பெண்களுக்கு டி என்பது சாதாரண ஃபிட்டிங், அதாவது அகலம். கண்டத்து ஷூக்களில் பெரும்பாலும் எண் மட்டுமே இருக்கும். அகன்ற பாதம் உள்ள நம்மவர்கள் அகலம் போதாமல் நீளத்தில் ஒரு சைஸ் கூட்டி வாங்கிவிட்டு, பிறகு குதிகால் கழன்று வருவதாகக் குறைப்படுவது அன்றாடக் கதை. எந்த மாற்றுப் பட்டியலும் அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

இந்த முறைகளின் பிறப்பைப் பற்றி உலவும் கதைகளில் எல்லாவற்றையும் நம்ப வேண்டாம். மூன்று பார்லி மணி சேர்ந்தால் ஓர் அங்குலம் என்ற வரையறை இங்கிலாந்தின் இடைக்காலச் சட்டத்தில் இருந்தது உண்மை. ஆனால் மன்னர் இரண்டாம் எட்வர்ட் 1324-ல் ஷூ அளவையே நிர்ணயித்தார் என்று பலரும் எழுதுவதற்கு ஆதாரம் பலவீனமானது. இங்கிலாந்தில் ஷூ அளவுகளை விவரிக்கும் மிகப் பழைய எழுத்தாகத் தொழிலில் குறிப்பிடப்படுவது 1688-ல் ராண்டல் ஹோம் என்ற ஆங்கிலேயர் எழுதியதுதான். பாரிஸ் பாயிண்ட் மெட்ரிக் முறை வந்த பிறகு பிரான்சில் வேர்பிடித்தது என்பதற்கு மேல் யார், எந்த ஆண்டு என்று சொல்லப்படுவனவற்றை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அரசியலுக்கு வருவோம். பிரிட்டன் 1973 ஜனவரி 1-ல் அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. 2020 ஜனவரி 31-ல் வெளியேறியது. இடைப்பட்ட 47 ஆண்டுகளில் வாழைப்பழத்தின் தரம் முதல் பொம்மையின் பாதுகாப்பு வரை எத்தனையோ விஷயங்களை ஒரே விதிக்குள் கொண்டுவந்த ஒன்றியம், ஷூவின் எண்ணைத் தொடவே இல்லை. ஷூ லேபிளைப் பற்றி அதனிடம் இருந்த தனி விதி 94/11 என்ற எண்ணுள்ள 1994-ஆம் ஆண்டு உத்தரவு. அப்பர், லைனிங், சோல் ஆகியவை தோலா, துணியா, வேறு பொருளா என்பதைப் படக்குறியாலோ எழுத்தாலோ காட்டச் சொல்வதோடு அது நின்றுவிடுகிறது. அளவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பிரிட்டன் அந்த உத்தரவைத் தன் நாட்டு விதியாக 1995-ல் ஏற்றது, வெளியேறிய பிறகும் வைத்துக்கொண்டது. அதனால்தான் ஷூவின் அடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு படங்கள் இன்றும் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கின்றன. பெட்டியில் ஐரோப்பிய அளவு என்று போட்டிருப்பதைப் பார்த்து அதை ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் வகுத்த அளவு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது கண்டத்தின் வழக்கம், ஒன்றியத்தின் சட்டம் அன்று.

நம்பாதவர்கள் அயர்லாந்தைப் பார்க்கலாம். அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தின் உறுப்பு நாடு, பணம் யூரோ. ஆனால் டப்ளின் கடையில் பெரியவர்கள் ஷூ கேட்பது பிரிட்டிஷ் எண்ணில்தான். வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட் பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. அங்கும் அதே எண். வட அயர்லாந்து பொருள்கள் தொடர்பாக ஒன்றியத்தின் விதிகளையே பின்பற்ற வேண்டும் என்று முதலில் ஒரு நெறிமுறையும், 2023-ல் வின்ட்சர் உடன்பாடும் வந்து, அந்த எல்லையைச் சுற்றி எத்தனையோ வாக்குவாதம் நடந்து முடிந்தது. 8 என்ற எண் 8 ஆகவே இருந்தது. இதன் மறுபக்கம் ஜெர்மனியில் இருக்கிறது. லாய்ட், காபோர் ஆகியவை அசல் ஜெர்மானிய நிறுவனங்கள். அவற்றின் ஷூவில் பிரிட்டிஷ் எண்ணும் ஜி, எச் என்ற பிரிட்டிஷ் ஃபிட்டிங் எழுத்தும் அச்சிட்டிருக்கும். டோர்ட்முண்டில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இதை நேரில் பார்க்கலாம். லண்டனும் பிரஸ்ஸல்ஸும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளில்கூட ஜெர்மானியப் பையர்களிடமிருந்து பிரிட்டிஷ் எண்ணில் சைஸ் ரன் (எந்த அளவில் எத்தனை ஜோடி என்ற வரிசை) எழுதிய ஆர்டர் ஷீட் வந்துகொண்டுதான் இருந்தது.

மாறியது பெட்டிக்கு வெளியே. வெளியேறிய பிறகும் பழைய விதிகளையே தொடரவிட்ட இடைக்கால ஏற்பாடு 2020 டிசம்பர் 31-ல் முடிந்து, மறுநாள் முதல் பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையிலான வணிக, ஒத்துழைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. சுங்க வரி இல்லை, இறக்குமதி எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை என்று அதை விளம்பரப்படுத்தினார்கள். அந்தச் சலுகை பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உண்டான பொருளுக்குத்தான் என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருந்தது. ஷூ தொழிலைப் பொறுத்தவரை அந்த நிபந்தனைதான் ஒப்பந்தத்தின் உயிர்நாடி. ஐரோப்பாவில் விற்கும் ஷூக்களில் பெரும்பகுதி சீனா, வியட்நாம், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளில் செய்யப்படுபவை. வியட்நாமில் செய்த ஷூ பிரிட்டிஷ் துறைமுகத்தில் வரி கட்டி இறங்கி, லண்டன் கிடங்கில் பெட்டி மாற்றி, புதிய லேபிள் ஒட்டி ஜெர்மனிக்குப் போனால், அது பிரிட்டிஷ் பொருளாகிவிடாது. ஒன்றியத்தின் எல்லையில் மறுபடி வரி உண்டு. பெரும்பாலான தோல் ஷூக்களுக்கு அந்த வரி 8 சதவீதம், துணி அல்லது பிளாஸ்டிக் அப்பர் உள்ள ஸ்போர்ட்ஸ் ஷூக்களுக்குச் சுமார் 17 சதவீதம். வியட்நாமோடு ஒன்றியத்துக்குத் தனி ஒப்பந்தம் இருந்தாலும், லண்டனில் விற்பனைக்கு இறங்கிவிட்டு வரும் சரக்குக்கு அது உதவாது. விளையாட்டு ஷூ விற்கும் பிரிட்டிஷ் நிறுவனமான ஜேடி ஸ்போர்ட்ஸின் அன்றைய தலைவர் பீட்டர் கௌகில், விலகலின் விளைவு அஞ்சியதைவிட மோசமாக இருக்கிறது, ஐரோப்பாவிலேயே ஒரு கிடங்கு திறப்பது பற்றி யோசிக்கிறோம் என்று 2021 தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொன்னதற்கு இந்த இரட்டை வரியும் ஒரு காரணம்.

நுகர்வோருக்கு இது எப்படி விழுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். பிரிட்டிஷ் வாட் (மதிப்புக் கூட்டு) வரியைக் கழித்த பிறகு, கூரியர் செலவும் சேர்த்து 200 யூரோ மதிப்புள்ள தோல் ஷூ ஒன்று இந்தியாவில் செய்யப்பட்டு லண்டன் கடை வழியாக டோர்ட்முண்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீதச் சுங்கம் 16 யூரோ. அந்த 216 யூரோ மீது ஜெர்மானிய வாட் 19 சதவீதம், 41 யூரோ. ஆக 257 யூரோ. அதன் மேல் கூரியர் நிறுவனம் சுங்க வேலைக்காகப் பிடிக்கும் கட்டணம் தனி. 150 யூரோவுக்கு உட்பட்ட பொட்டலத்துக்குச் சுங்கம் இல்லாமல் வாட் மட்டும் வசூலிக்கும் சலுகை இருந்து வந்தது. அந்த வரம்பையே எடுத்துவிடுவதென்று ஒன்றியம் 2025-ல் முடிவு செய்திருப்பதால், வாங்கும் நாளில் நடப்பு விதியை ஜெர்மானியச் சுங்கத் துறையின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் பள்ளி ஷூ விவகாரம் இதைவிடச் சுவாரசியமானது, அங்கே அளவும் வரியும் உண்மையாகவே கைகோக்கின்றன. பிரிட்டனில் குழந்தைகளின் உடைக்கும் ஷூவுக்கும் வாட் பூஜ்யம். ஒரு ஷூ குழந்தைகளுடையதுதானா என்று முடிவு செய்யும் சோதனைகளில் அதன் அளவும் ஒன்று. பிரிட்டன் ஒன்றியத்துக்குள் இருந்த காலத்தில், ஜெர்மனிக்கு விற்கும் தொகை ஆண்டுக்கு ஒரு வரம்பைத் தாண்டாத பிரிட்டிஷ் கடை தன் நாட்டு வாட் விகிதத்திலேயே ஜெர்மானிய வாடிக்கையாளருக்கும் விற்கலாம். ஆகவே சிறிய கடையில் வாங்கிய பெற்றோருக்குப் பள்ளி ஷூவுக்கு வாட் என்பதே இல்லாமல் இருந்தது. 2021-க்குப் பிறகு அது இறக்குமதி. ஜெர்மனியில் குழந்தை ஷூவுக்குத் தனிச் சலுகை இல்லாததால் 19 சதவீதம் முழுமையாக விழுகிறது. அன்பர் தம் பழைய பில்லையும் புதிய பில்லையும் ஒப்பிட்டால் வேறுபாட்டின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பில்லைப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது.

பெட்டியின் மேல் எழுத்துகள் கூடியிருப்பதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அதற்கும் காரணம் உண்டு. முன்பு ஒரே இறக்குமதியாளரின் முகவரி போதும். இப்போது பிரிட்டனுக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று என இரண்டு முகவரிகளை அச்சிடச் சொல்கிறார்கள். 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த பொதுப் பொருள் பாதுகாப்பு விதி, ஒன்றியத்தில் விற்கும் பொருளுக்கு அங்கேயே ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்கிறது. இது வட அயர்லாந்துக்கும் பொருந்தும். சில சிறு பிரிட்டிஷ் கடைகள் கண்டத்துக்கு அனுப்புவதையே நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். தொழிலாளர்கள் அணியும் பாதுகாப்பு ஷூவில் மட்டும் அடையாளக் குறியே இரண்டாகப் போகும் நிலை வந்தது. பொருள் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்குவதைக் காட்டும் ஐரோப்பாவின் சிஇ குறிக்குப் பதிலாகப் பிரிட்டன் யுகேசிஏ என்ற புதிய குறியைக் கொண்டுவந்தது. பிறகு காலக்கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் சிஇ குறியையும் கால வரம்பின்றி ஏற்றுக்கொள்வதாக 2023-ல் அறிவித்துவிட்டது. சந்தை பெரிதாக இருக்கும் பக்கத்துக் குறியே நிலைக்கும் என்று எங்கள் தரப் பிரிவில் முதலிலிருந்தே பேசிக்கொண்டார்கள்.

இந்த மாற்றங்களில் நம் ஊருக்கு ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் வட்டாரத்தில் இன்னும் ஷூ செய்யும் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று, தைத்த அப்பரை மட்டும் இந்தியா போன்ற வெளிநாட்டில் வாங்கி, லாஸ்ட்டில் ஏற்றிச் சோல் தைக்கும் வேலையைத் தன் நாட்டில் செய்தால், ஒப்பந்தத்தின் மூலநாட்டு விதிப்படி (ஒரு பொருள் எந்த நாட்டில் உண்டானது என்று தீர்மானிக்கும் விதி அது) அந்த ஷூ பிரிட்டிஷ் பொருளாகவே கருதப்பட்டு வரியின்றி ஜெர்மனி போகும். அதே அப்பரை வெளிநாட்டிலேயே இன்சோலோடு (உள்ளடித் தட்டோடு) இணைத்து அனுப்பினால் அந்தத் தகுதி போய்விடும். ஒரு தையலும் கொஞ்சம் பசையும் எந்த நாட்டில் சேர்கின்றன என்பதில் 8 சதவீதம் தொங்குகிறது. 2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இந்திய ஷூக்களுக்கு 16 சதவீதம் வரை இருந்த பிரிட்டிஷ் வரியை நீக்க வகை செய்கிறது. அது முழுமையாக நடைமுறையில் இருந்தாலும் உங்கள் பில் குறையாது. லண்டன் வரை வரியில்லாமல் வந்த இந்திய ஷூவும் டோர்ட்முண்டுக்குப் புறப்படும்போது ஒன்றியத்தின் பார்வையில் இந்திய ஷூதான்.

பிரிட்டனும் ஒன்றியமும் மறுபடி நெருங்குவதாகச் செய்தி வருகிறதே, எண்களும் ஒன்றாகிவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். 2025 மே மாதம் லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில் உணவுப் பொருள் சோதனை, மீன்பிடி, பாதுகாப்பு போன்றவை பேசப்பட்டன. ஷூ அளவு அந்த வரிசையில் இல்லை, வருவதற்கான காரணமும் தெரியவில்லை. உலகம் முழுவதற்கும் ஒரே அளவு என்ற முயற்சி மாண்டோபாயிண்ட் என்ற பெயரில் ஏற்கெனவே நடந்தது. காலின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் அப்படியே எழுதும் முறை அது. ஐஎஸ்ஓ 9407 என்ற சர்வதேசத் தரமாக 1991-ல் வெளிவந்தது. ராணுவ பூட்ஸும் பனிச்சறுக்கு பூட்ஸும் அதை ஏற்றுக்கொண்டன, கடைவீதி ஏற்கவில்லை. ஒவ்வொரு அளவுக்கும் லாஸ்ட், தோல் வெட்டும் கத்தி, சோல் அச்சு என்று பணத்தைக் கொட்டி வைத்திருக்கும் தொழிற்சாலை, வாடிக்கையாளர் கேட்காத எண்ணுக்காக அவற்றை மாற்றாது. இந்தியாவிலும் பிரிட்டிஷ் எண்ணே இன்றுவரை ஓடுகிறது. சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021–22-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை அளந்து, ‘பா’ என்ற பெயரில் இந்தியக் கால்களுக்கென ஓர் அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறது. அது கடைக்கு வந்து நிலைக்குமா என்பது தொழிற்சாலைகள் லாஸ்ட் மாற்றச் சம்மதிப்பதைப் பொறுத்தது.

இனி நடைமுறைக்கு. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நீங்கள் வழக்கமாகப் போடும் சாக்ஸோடு சுவரில் குதிகால் படும்படி ஒரு காகிதத்தின் மேல் எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் சில மில்லிமீட்டர் குறையும். மிக நீளமான விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போட்டு, இரு கால்களையும் அளந்து, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும் ஷூவில் பிரிட்டிஷ் எண்ணையும் ஐரோப்பிய எண்ணையும் தாண்டி, சென்டிமீட்டரிலோ மில்லிமீட்டரிலோ ஓர் எண் இருக்கும். ஜப்பான், சீனச் சந்தைகளுக்காக அச்சிடுவது அது, காலின் நீளத்தைக் குறிக்கும் நோக்கம் உள்ளதும் அது ஒன்றுதான். பிராண்ட் மாறும்போது அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். அடிடாஸில் 26.5 பொருந்தியிருந்தால் நைக்கியிலும் 26.5-லிருந்து தொடங்குங்கள், பிரிட்டிஷ் எண் என்னவாக இருந்தாலும் கவலை வேண்டாம். அந்த எண்ணும் பிராண்டின் வடிவமைப்பாளர் கணித்ததே என்பதால் முழு உத்தரவாதம் இல்லை. பொதுப் பட்டியலைவிடப் பிழை குறைவு, அவ்வளவே.

பிள்ளைகளின் ஷூவுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. பிரிட்டிஷ் முறையில் 13-க்குப் பிறகு எண் மறுபடி 1 என்று தொடங்குவதால், குழந்தைகள் 2-ம் பெரியவர்கள் 2-ம் முற்றிலும் வேறு. ஆர்டர் செய்யும்போது எந்தப் பட்டியலில் நிற்கிறீர்கள் என்று பார்க்கத் தவறினால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கைக்குழந்தை ஷூ வந்து சேரும். அதைத் திருப்பி அனுப்புவதும் இப்போது ஓர் ஏற்றுமதிதான்: சுங்கப் படிவத்தில் திரும்பும் சரக்கு என்று குறிப்பிட்டு, கட்டிய வாட் தொகையைத் திரும்பப் பெறுவது கடை மூலமா சுங்கத் துறை மூலமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கடையிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.